பெவாசிசுமாபா, செடுக்ஸிமாபா? பரவிய குடல் புற்றுநோயில் ஊசியைத் தேர்வது எதைக் கொண்டு

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது, அறுவைசிகிச்சை மட்டும் போதாது என்று உறுதியான பிறகு, குடும்பத்தார் முன் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கீமோவை மட்டும் கொடுப்பதா, அதனுடன் ‘டார்கெட்’ ஊசி ஒன்றைச் சேர்ப்பதா, சேர்ப்பதென்றால் பெவாசிசுமாபா, செடுக்ஸிமாபா? மதுரையில் நானறிந்த பல குடும்பங்கள் இதற்கு விலையைக் கொண்டே விடை தேடுகின்றன. “எது விலை கூடினதோ அதையே போட்டுருங்க டாக்டர், அப்பா நல்லா இருந்தாப் போதும்” என்று மகன்கள் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் விலை கூடின மருந்து சிலருக்குப் பயன்படாமல் போவதோடு, ஆயுளைக் குறைக்கவும் கூடும். காரணம், இரண்டு ஊசிகளும் கட்டியை நேராகக் கொல்லும் நஞ்சுகள் அல்ல. செல்களுக்கிடையே போகும் சமிக்ஞைகளை மறிப்பவை. எந்தச் சமிக்ஞை எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மறிப்பதில் பொருளில்லை.

குடலின் உட்சுவர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சுவரிலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் தண்டுச் செல்கள் ‘விண்ட்’ என்னும் சமிக்ஞையைப் பெற்றுப் பெருகுகின்றன. மேலே ஏற ஏற அந்தச் சமிக்ஞை குறைந்து, செல்கள் முதிர்ந்து உதிர்கின்றன. பெருகச் சொல்லும் செய்தியைச் செல்லின் கருவுக்குள் கொண்டுசெல்வது பீட்டா-கேட்டனின் என்ற புரதம். வேண்டாத நேரத்தில் அதைச் சிதைத்து அழிக்கும் அமைப்பில் ஏ.பி.சி. என்ற புரதத்துக்கு முதன்மையான இடம் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் ஏ.பி.சி. மரபணு பழுதடைந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபீரனும் வோகல்ஸ்டைனும் 1990இல் முன்வைத்த படிநிலை விளக்கத்தின்படி, இந்த வகைப் பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே சிறு பாலிப் (குடற்சுவரில் முளைக்கும் சதைத் துருத்தல்) புற்றாக மாறுகிறது, கே.ராஸ் மரபணுவின் பழுது அந்த வரிசையில் பின்னால் வருவது. அப்படியானால் முதற்பழுதையே மறிக்கலாமே என்று தோன்றும். நல்ல குடற்சுவரும் அதே விண்ட் பாதையை நம்பித்தான் அன்றாடம் புதுப்பிக்கப்படுகிறது என்பதால், அதைத் தொடும் மருந்து எதுவும் இந்த நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்குள் வந்து சேரவில்லை. மருந்துகள் கிடைத்திருப்பது ராஸ் இருக்கும் பாதையிலும், கட்டி இரத்தக் குழாய்களுக்கு அனுப்பும் செய்தியிலும்தான்.

முதலில் ராஸ் பாதை. செல்லின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து அதில் அமர்ந்ததும், உட்புறத்தில் ராஸ் புரதம் விழித்து, ராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்த புரதங்களுக்குச் செய்தியைக் கடத்துகிறது. செய்தி கருவை எட்டியதும் செல் பிளக்கத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் ராஸ் தானாகவே அணைந்துவிட வேண்டும். கே.ராஸ் மரபணுவின் 12ஆம், 13ஆம் இடங்களில் மாற்றம் நேர்ந்தால் அந்த அணையும் திறன் போய்விடுகிறது. செடுக்ஸிமாபும் அதன் இனத்தைச் சேர்ந்த பானிடுமுமாபும் செல்லுக்கு வெளியே ஏற்பியை மூடுபவை. தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டால், வெளியே சிவப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்பதில்லை; ராஸ் மாற்றமுள்ள கட்டிக்குச் செடுக்ஸிமாப் ஏற்றுவது அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதுதான்.

இது வெறும் தர்க்கம் அல்ல. வேறு சிகிச்சைகள் பலனளிக்காமல் போனவர்களிடம் நடந்த ஓர் ஆய்வை 2008இல் மீண்டும் அலசியபோது, கே.ராஸ் இயல்பாக இருந்தவர்கள் செடுக்ஸிமாப் பெற்றால் நடுமதிப்பாக (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த அளவு) 9.5 மாதமும், பெறாவிட்டால் 4.8 மாதமும் வாழ்ந்திருந்தார்கள், கே.ராஸ் மாறியிருந்தவர்களுக்கு ஊசியால் எந்த வேறுபாடும் இல்லை. 2013இல் ‘பிரைம்’ ஆய்வின் முடிவு இன்னும் கடுமையாக இருந்தது: ராஸ் குடும்பத்து மரபணுக்களான கே.ராஸ், என்.ராஸ் ஆகியவற்றில் எங்கேனும் மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவுடன் பானிடுமுமாபைச் சேர்த்தபோது நடுமதிப்பு ஆயுள் 15.6 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 19.2 மாதம். கடன் வாங்கிப் போட்ட ஊசி ஆயுளைக் குறைக்கவும் கூடும் என்று தொடக்கத்தில் சொன்னது இதை வைத்துத்தான். இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ராஸ் மாற்றம் இருக்கிறது என்பதால், பரிசோதனை இல்லாமல் செடுக்ஸிமாப் தொடங்குவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

பெவாசிசுமாபின் வழி வேறு. கட்டி ஓரளவுக்கு மேல் வளர அதற்கு இரத்த ஓட்டம் வேண்டும், புதிய குழாய்களை அதுவே வரவழைத்துக்கொள்கிறது என்ற கருத்தை அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். அந்த அழைப்பைக் கொண்டுபோகும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பெவாசிசுமாப் இரத்தத்திலேயே பிடித்துக்கொள்கிறது. கட்டிச் செல்லின் உள்ளே ராஸ் கெட்டிருக்கிறதா இல்லையா என்பது இதற்கு ஒரு பொருட்டல்ல. ராஸ் மாறியவர்களுக்குக் கீமோவுடன் சேர்க்க முதலில் எஞ்சி நிற்பது இது ஒன்றே. 2004இல் வெளிவந்த ஆய்வில் அன்றைய கீமோவுடன் இதைச் சேர்த்தவர்களின் நடுமதிப்பு ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. செடுக்ஸிமாபும் பெவாசிசுமாபும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அதே ஆண்டின் அதே பிப்ரவரி மாதத்தில்தான். அன்றிலிருந்தே இவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் வழக்கமும் தொடங்கிவிட்டது.

ஆக, ராஸ் மாறியிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. இயல்பாக இருந்தால்தான் உண்மையான தேர்வு வருகிறது. அதில் முடிவைச் சாய்ப்பது, பலரும் கேட்கத் தவறும் ஒரு செய்தி: கட்டி முளைத்தது குடலின் எந்தப் பக்கத்தில்?

வலது பக்கக் குடல், அதாவது சிறுகுடல் வந்து சேரும் சீக்கத்திலிருந்து குறுக்குக் குடலின் முதல் மூன்றில் இரண்டு பங்குவரை, கருவில் நடுக்குடலிலிருந்து உருவாவது; இடது பக்கம் பின்குடலிலிருந்து உருவாவது. இரு பக்கக் கட்டிகளும் ஒரே பெயரைத் தாங்கினாலும் சமிக்ஞைப் பழக்கம் வேறு. இடது பக்கக் கட்டிகள் ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியில் அமரும் காரணிகளைத் தாமே கூடுதலாகச் சுரந்து, அந்தப் பாதையை நம்பி வளர்பவை. வலது பக்கத்தில் பி.ராஃப் (மேலே சொன்ன ராஃபின் ஒரு வகை) மாற்றமும், டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைச் செல் திருத்த முடியாத மரபணுப் பழுதுநீக்கக் குறைபாடும் மிகுதி. அமெரிக்காவில் நடந்த பெரிய நேரடி ஒப்பீடு 2017இல் வெளியானபோது, மொத்தத்தில் இரண்டு ஊசிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை: செடுக்ஸிமாபுக்கு 30 மாதம், பெவாசிசுமாபுக்கு 29. அதே ஆய்வில் கே.ராஸ் இயல்பானவர்களைப் பக்கவாரியாகப் பிரித்தவுடன் படம் மாறியது. இடது பக்கத்தில் செடுக்ஸிமாப் 36 மாதம், பெவாசிசுமாப் 31.4, வலது பக்கத்தில் செடுக்ஸிமாப் வெறும் 16.7, பெவாசிசுமாப் 24.2. இப்படிப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்த கணக்கைச் சிலர் நம்பத் தயங்கினார்கள், தயங்கியது சரியும்கூட. ஜப்பானின் ‘பாரடைம்’ ஆய்வு இதை முன்கூட்டியே திட்டமிட்டுச் சோதித்து, 2023இல் இடது பக்கத்தில் பானிடுமுமாபுக்கு 37.9 மாதம், பெவாசிசுமாபுக்கு 34.3 மாதம் என்று காட்டிய பிறகு தயக்கத்துக்கு இடம் குறைந்துவிட்டது. நம் நாட்டில் மலக்குடல் புற்றுநோயின் பங்கு மேலை நாடுகளைவிடக் கூடுதல். மலக்குடல் இடது பக்கக் கணக்கில் சேரும் என்பதால், நம்மிடையே ராஸ் இயல்பாக உள்ள பலருக்குச் செடுக்ஸிமாப் அல்லது பானிடுமுமாப் பொருந்தும் வாய்ப்பு இருக்கிறது.

இரண்டையும் சேர்த்தே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் வெளியான ‘கெய்ரோ-2’ ஆய்வில் கீமோ, பெவாசிசுமாப் ஆகியவற்றோடு செடுக்ஸிமாபையும் சேர்த்தபோது நோய் கட்டுப்பட்டிருந்த காலம் 10.7 மாதத்திலிருந்து 9.4 மாதமாகக் குறைந்தது. அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

ஆய்வு எண்கள் ஒருபுறம் இருக்க, அன்றாட வாழ்க்கையில் இந்த இரண்டு ஊசிகளும் கேட்கும் விலை வேறு வேறு. பணத்தை மட்டும் சொல்லவில்லை. பெவாசிசுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கேபசைடபின் மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டினும் கொண்ட ‘கேப்பாக்ஸ்’ கீமோவோடு இணைக்கலாம். உசிலம்பட்டியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ பேருந்தேறி வருபவர் ஒரு பகல் படுத்து ஊசி ஏற்றிக்கொண்டு, இரண்டு வார மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். செடுக்ஸிமாபுக்கு அந்த வசதி இல்லை. பிரிட்டனில் நடந்த ‘கோயின்’ ஆய்வில் கேபசைடபினோடு சேர்ந்தபோது அதன் பயன் வெளிப்படவில்லை என்பதால், ‘ஃபால்ஃபாக்ஸ்’ அல்லது ‘ஃபால்ஃபிரி’ என்ற நரம்புவழிக் கீமோவோடுதான் அதை இணைக்கிறார்கள். அதற்கு மார்பின் தோலுக்கடியில் மருந்தேற்றும் ‘போர்ட்’ வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 46 மணி நேரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் பம்பைச் சுமக்க வேண்டும். அது முடிந்ததும் ஊசியைக் கழற்ற மறுபடியும் மருத்துவமனை வர வேண்டும், அல்லது இரண்டு இரவு அங்கேயே தங்க வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வருபவரின் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், சில மாத ஆயுள் வேறுபாட்டுக்கு எதிரே இதை வைத்துப் பார்ப்பது அற்பத்தனம் அல்ல.

பக்கவிளைவுகளையும் சமிக்ஞையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். தோலிலும் வேலை செய்யும் ஏற்பி. அதை மூடினால் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் பரு போன்ற கொப்புளங்கள் கிளம்புகின்றன, நகக்கண் வீங்குகிறது, விரல் நுனிகள் வெடிக்கின்றன. மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள்: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நார் ஓடும் அதே இடத்தில்தான் அந்த வெடிப்பு வருகிறது, ஈரப்பூவின் தண்ணீர் அதில் பட்டால் எரிச்சல் தாங்காது. ஃபால்ஃபாக்ஸ் கீமோவிலுள்ள ஆக்ஸாலிபிளாட்டின் விரல்களை மரத்துப்போகவும் செய்யும். குளிர்ந்த பொருளைத் தொட்டாலே முள் குத்துவதுபோல் இருக்கும். அவருக்கு ஃபால்ஃபிரியோடு இணைப்பது நல்லதா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி, ஏனெனில் அதில் ஆக்ஸாலிபிளாட்டின் இல்லை. தோல் தொல்லை தொடங்கும் முன்பே டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் ஈரம் காக்கும் களிம்பும் தொடங்கினால் கடுமை குறைகிறது. வெயில் பட்டால் கொப்புளம் கூடும். சித்திரை வெயிலில் மதுரையில் நடமாடுபவருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகத்தில் மக்னீசியத்தை மீட்டெடுக்கவும் இதே சமிக்ஞை வேண்டும் என்பதால் இரத்தத்தில் அதன் அளவு சரியும்; அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெவாசிசுமாப் வெளியே ஒன்றும் காட்டாது, உள்ளே வேலை செய்யும். இரத்தக் குழாயைத் தளர்வாக வைத்திருக்க உதவும் வி.இ.ஜி.எஃப். குறைவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் ஒழுகலாம். காயம் ஆறத் தாமதமாகும். அரிதாகக் குடலில் ஓட்டை விழலாம். அறுவைசிகிச்சைக்கும் இந்த ஊசிக்கும் இடையே குறைந்தது நான்கு வார இடைவெளி விடுவது இதனால்தான். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு இது ஏற்றதல்ல. கல்லீரலில் உள்ள ஓரிரு கட்டிகளைச் சுருக்கி வெட்டியெடுக்கும் நம்பிக்கை இருப்பவருக்கு, ராஸ் இயல்பாகவும் கட்டி இடது பக்கத்திலும் இருந்தால், விரைவாகச் சுருக்கும் செடுக்ஸிமாப் பக்கம் நான் சாய்வேன். மூப்பும் தூரமும் தனிமையும் சேர்ந்தவருக்கு மூன்று வார ஊசியின் எளிமையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பணக் கணக்கில், பெவாசிசுமாபுக்கு இந்திய நிறுவனங்களின் பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த) வடிவங்கள் பல ஆண்டுகளாகக் கிடைத்து விலை இறங்கியிருக்கிறது. செடுக்ஸிமாப் பொதுவாகச் செலவு கூடியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு என்றாலும், குறிப்பிட்ட ஊசி அதில் அடங்குமா, எத்தனை முறைக்கு என்று முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு முறை போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதைவிடக் கீமோவை மட்டும் முறையாக முடிப்பது நல்லது. டார்கெட் ஊசி இல்லாத சிகிச்சை சிகிச்சையே அல்ல என்ற எண்ணம் தவறு, பயனின் பெரும்பகுதி இன்னமும் கீமோவிலிருந்துதான் வருகிறது.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் சிறு கூட்டங்களும் உண்டு. அவற்றை முதலிலேயே கண்டுபிடிக்காவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடே பிழையாகிவிடும். பரவிய நோயில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு மரபணுப் பழுதுநீக்கக் குறைபாடு, அதாவது எம்.எஸ்.ஐ. மிகுதி இருக்கும். இவர்களுக்குச் சமிக்ஞையை மறிப்பதைவிட நோயெதிர்ப்புச் செல்களின் கட்டை அவிழ்ப்பதே பலன் தருகிறது: 2020இல் வெளியான ‘கீநோட்-177’ ஆய்வில் அப்படிக் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் நோயை நடுமதிப்பாக 16.5 மாதமும், கீமோ 8.2 மாதமும் கட்டுப்படுத்தின. பழுதுநீக்கும் நான்கு புரதங்கள் கட்டியில் உள்ளனவா என்று பார்க்கும் ஐ.எச்.சி. சாயப் பரிசோதனை, மரபணு வரிசைப் பரிசோதனையைவிட மிகக் குறைந்த செலவில் இதைச் சொல்லிவிடும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரம்பரை அபாயம் உண்டா என்பதற்கும் அதுவே முதல் துப்பு.

பி.ராஃப் கதை சமிக்ஞை பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு நல்ல பாடம். பி.ராஃபில் வி600ஈ என்ற ஒரே மாற்றம் மெலனோமா என்னும் தோல் புற்றிலும் குடல் புற்றிலும் வருகிறது. மெலனோமாவில் பி.ராஃபை மறிக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை கட்டிகளைச் சட்டென்று கரைத்தது. குடலில் அதே மாத்திரைக்குப் பணிந்தவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான். ஒரே பழுது, ஒரே மருந்து, ஏன் இந்த வேறுபாடு? அனிருத் பிரகலாத்தும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் விடை கண்டார்கள். எர்க் வரை செய்தி போய்க்கொண்டிருக்கும்வரை, அந்த ஓட்டமே ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியை அடக்கி வைத்திருக்கிறது, பி.ராஃபை மறித்தவுடன் அந்தக் கட்டுப்பாடு விலகி, ஏற்பி விழித்து, வேறு வழியாகச் செய்தியை மீண்டும் அனுப்பிவிடுகிறது. மெலனோமாச் செல்களில் அந்த ஏற்பி மிகக் குறைவு என்பதால் இந்தத் தப்பும் வழி அங்கே இல்லை. ஆகவே குடலில் இரண்டு முனைகளையும் ஒருசேர மூட வேண்டும்: 2019இல் ‘பீக்கன்’ ஆய்வு பி.ராஃபை மறிக்கும் என்கோராஃபெனிப் மாத்திரையையும் செடுக்ஸிமாபையும் இணைத்து, முன்பு கீமோ பெற்றவர்களின் ஆயுளை நீட்டியது, பின்னர் ‘பிரேக்வாட்டர்’ ஆய்வு இந்த இணையை முதல் சிகிச்சையிலேயே ஃபால்ஃபாக்ஸோடு சேர்த்தபோது, கட்டி சுருங்கியவர்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 61 ஆக உயர்ந்தது. தனியாகப் பயன்படாத செடுக்ஸிமாப் இங்கே துணையாகப் பயன்படுகிறது. கே.ராஸ் ஜி12சி என்ற ஒரு வகைக்கும் இதே தர்க்கத்தில் சோட்டோராசிப், அடாக்ராசிப் மாத்திரைகளை ஏற்பி மறிக்கும் ஊசியோடு இணைக்கிறார்கள். செல் மேற்பரப்பின் இன்னோர் ஏற்பியான ஹெர்-2 மிகுதியாக உள்ள சிலருக்கும் தனி மருந்துகள் உண்டு. கடைசியாகச் சொன்ன இரண்டும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கட்டச் சிகிச்சைக்கு உரியவை, செலவும் அதற்கேற்ப.

எனவே ஊசியைத் தேர்வதற்கு முன் தேர்ந்தெடுக்க வேண்டியது பரிசோதனையை. ராஸ், பி.ராஃப் மட்டும் பார்க்கும் பி.சி.ஆர். முறை செலவு குறைந்தது, விரைவானது, என்.ஜி.எஸ். என்னும் பல மரபணு வரிசை முறை கூடுதல் விவரம் தரும், கூடுதல் பணமும் நாளும் கேட்கும். முதல் முடிவுக்கு எம்.எஸ்.ஐ., ராஸ், பி.ராஃப் மூன்றும் போதும் என்பது என் கருத்து; அரிய மாற்றங்களுக்கு மருந்து வாங்க வழியே இல்லாத குடும்பத்திடம் பல மரபணுக்களைப் பார்க்கும் பெரிய பேனலை விற்பது முறையல்ல. இரத்தத்திலிருந்து பார்க்கும் ‘லிக்விட் பயாப்சி’ கல்லீரலில் பரவியிருந்தால் ஓரளவு நம்பத்தக்கது. நுரையீரலிலோ வயிற்று உறையிலோ மட்டும் இருந்தால் கட்டியின் டி.என்.ஏ. இரத்தத்தில் போதிய அளவு கலக்காமல், மாற்றம் இருந்தும் இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

பரிசோதனைக்கு வேண்டியது பயாப்சி ரிப்போர்ட் தாள் அல்ல, மெழுகு பிளாக். கட்டைவிரல் அகலமுள்ள பிளாஸ்டிக் கேசட்டில், வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாகத் தெரியும் அந்தத் துணுக்குதான் நோயாளியின் கட்டி. ஓரத்தில் எழுதியிருக்கும் எண் ரிப்போர்ட்டிலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் ஓர் ஆய்வகத்தில் பயாப்சி எடுத்துவிட்டு மதுரைக்கு வருபவர்கள், ஸ்லைடோடு இந்த பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

முடிவு வரும்வரை நோய் காத்திராது என்ற பதற்றத்தில் கிடைத்த ஊசியோடு தொடங்குவதற்கு மாறாக, கீமோவை மட்டும் முதல் சுற்றில் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் இரண்டாம் சுற்றிலிருந்து பொருந்தும் ஊசியைச் சேர்ப்பது பல மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழி. அந்தச் சுற்று எந்தக் கீமோ என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்: கட்டி இடது பக்கத்தில் இருந்து, செடுக்ஸிமாபுக்கு வாய்ப்பு உண்டு என்று தோன்றினால், கேப்பாக்ஸுக்கு மாறாக ஃபால்ஃபாக்ஸிலோ ஃபால்ஃபிரியிலோ தொடங்கச் சொல்லிக் கேட்கலாம், வலது பக்கமென்றால் கேப்பாக்ஸில் தொடங்கி, ராஸ் எப்படி இருந்தாலும் பெவாசிசுமாபைச் சேர்த்துக்கொள்ள வழி திறந்தே இருக்கும்.